சாமி தீர்த்துவைத்த காது

அன்று காலை கோயில் மணி என் இடப்பக்கத்தில் மட்டும் அடித்தது. வலப்பக்கம் உலகமே இல்லை. காதில் தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். தெருவில் வலப்பக்கமாக மாட்டுவண்டிகள் சத்தமின்றி மிதந்து போயின.

சங்கரன்கோவில் தபால் ஆபீசில் எனக்குத் தந்தி வேலை. சவுண்டர் (தந்தியைத் தட்டொலியாகச் சொல்லும் பித்தளைக் கருவி) தட்டுவதைக் காதால் வாங்கி எழுத வேண்டும். வலது காதில் எழுந்த இரைச்சல் நல்ல காதையும் குழப்பியது. காது போனால் நாற்காலி போகும். நாற்காலி போனால் வீட்டில் உலை ஏறாது. அதனால் சவுண்டர் மேல் விரலை வைத்து, அதிர்வைத் தொட்டே செய்திகளை வாங்கினேன். தூக்கத்தில் வேலை பார்ப்பதுபோல் இருந்தது.

ஆபீசில் மறைத்தேன். என் மனைவி கோமதியிடம் முடியுமா? புற்றுமண் (கோயிலில் தரும் பிரசாத மண்) குழைத்துக் காதைச் சுற்றிப் பூசினாள். வெள்ளியில் காது செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். சில வாரங்களில் ஓசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வெள்ளிக் காதை உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

அடுத்த தை மாதம் விரல்கள் மரத்தன. இப்போது காதில் எல்லாம் தெளிவாக விழுந்தது, கையில்தான் பென்சில் நிற்கவில்லை. ஒருநாள் இடது காலில் செருப்பில்லாமல் ஆபீஸ் வந்து சேர்ந்தேன். கழன்றது எனக்குத் தெரியவேயில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினார்.

"இதுக்கு முன்னால உடம்புக்கு ஏதாவது வந்ததுண்டா?"

"இல்லைங்க."

பொய் சொல்லவில்லை. சாமி தீர்த்துவைத்ததை நாங்கள் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. அதை மறுபடி டாக்டரிடம் சொன்னால் சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடும்.

கோமதி முன்னால் வந்தாள். "ஏங்க, காது கேக்காமக் கெடந்தீங்கல்லா, அதச் சொல்லுங்க."

"அது சாமி தீத்து வச்சதுல்லா, ஏட்டி."

டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எந்தக் காது? எப்பம் போச்சு, எப்பம் வந்தது?" என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு சொன்னார்: "காதும் விரலும் ரெண்டு நோயில்ல வே, ஒண்ணுதான்."

டிஸ்ஸெமினேட்டட் ஸ்கிளிரோஸிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை அங்கங்கே சிதையும் நோய்). தானாகத் தணியும், மறுபடி வரும், மருந்து கிடையாது என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். ரயில் எப்போது வருமென்று சொல்லாத ஸ்டேஷன் மாஸ்டர் மேல் வரும் கோபம் எனக்கு அவர்மேல் வந்தது.

பஸ்ஸில் கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அப்பம் அந்த வெள்ளிக் காது?" என்று சீண்டினேன்.

"போட்டது போட்டதுதான். திருப்பியா கேக்க முடியும்?" என்றாள்.

விரல்கள் முக்கால்வாசி திரும்பின. தந்தி நாற்காலி போயிற்று. இப்போது ஸ்டாம்பு விற்கிறேன். உலை ஏறுகிறது, ஆனாலும் மனம் ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது வந்து போயிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

காலையில் கண்ணைத் திறக்குமுன் உடம்புக்கு ஆஜர் எடுக்கிறேன். வலது காது, விரல்கள், இடது பாதம். அந்தக் கொஞ்ச நேரம் காது போன வருஷமா, விரல் போன வருஷமா என்று தெரியாமல் கிடக்கும். முன்பெல்லாம் எல்லாரும் வந்திருந்தால்தான் கோமதியைக் கூப்பிடுவேன். யாராவது வராவிட்டாலும் இப்போது கூப்பிடுகிறேன்.