காடை முட்டையில் கோழி ஜீன்

அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இனாயத் பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக உதவியாளர். தற்காலிகம் என்பது அங்கே மிக நிரந்தரமான பதவி. ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, முட்டை ஓட்டில் துளை போட்டு, கோழி அம்மை வைரஸை உள்ளே ஏற்றி வளர்ப்பார். மார்ச் தோறும் பேராசிரியர் குருபிரசாத் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை.

1995 ஜனவரியில் வைரஸின் மரபெழுத்துகளை எக்ஸ்ரே ஃபிலிமில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவருக்குத் திக்கென்றது. நடுவில் அசல் கோழி ஜீன் ஒன்று சட்டமாக உட்கார்ந்திருந்தது.

குருபிரசாத் சுத்தத்தில் கண்டிப்பானவர். செருப்பை வாசலில் விட்டால் கிருமியும் வாசலிலேயே நின்றுவிடும் என்பது அவர் கொள்கை.

"என்னய்யா இது? முட்டைக் கசடெல்லாம் வைரஸோட கலந்துடுத்து. கையை அலம்பற வழக்கமே கிடையாதா உமக்கு?"

"கலக்கலை சார். வைரஸே எப்பவோ கோழிகிட்டேர்ந்து எடுத்துத் தன்னோடதா ஆக்கிக்கிட்டிருக்கு."

"வைரஸ் திருடித்தா, உம்ம அழுக்குக் கை பண்ணித்தான்னு மார்ச்சுக்குள்ள நிரூபியும். இல்லேன்னா ஏப்ரல்லேர்ந்து வராதீர்."

இனாயத் யோசித்தார். வைரஸைக் காடை முட்டையில் வளர்த்தால்? கசடு கலந்திருந்தால் காடை ஜீன்தான் தெரியும். வைரஸின் சொத்தாகிவிட்டிருந்தால், காடைக்குள்ளும் கோழி ஜீனே வரும்.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் நொச்சிக்குப்பத்துத் தேசம்மா கேட்டாள்: "இன்னா பாய், டெய்லி காடை முட்டையா தூக்கிக்கினு வர்றே? பிரியாணியா?"

"வேலைக்கும்மா."

"உன் வேலை இன்னும் கீதா?"

முட்டை மாற்றி முட்டை, ஐந்து தடவை வளர்த்தார். மார்ச் கடைசி வாரம் ஃபிலிமைப் படித்தார். கோழி. எழுத்துக்கு எழுத்து கோழி.

குருபிரசாத் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீர் சொன்னதுதான் சரி."

இனாயத்துக்குக் கண் கலங்கியது.

"ஆனா போன வாரமே டெல்லி ஆபீசுக்கு எழுதிட்டேனே. உதவியாளரின் அசுத்தத்தால் வந்த பிழை, ஆளை நீக்கியாச்சு, அந்த வைரஸையும் அழிச்சாச்சுன்னு."

"இன்னும் அழிக்கலையே சார்."

"அதான் சங்கடம். இன்னிக்கு அழிச்சாத்தான் கடிதாசு உண்மையாகும். நீரே பண்ணிடும். மத்தவாகிட்டக் கொடுத்தா அரைகுறையாப் பண்ணுவா. உமக்குத்தான் கை சுத்தம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலியே இல்லை.

இனாயத் வைரஸ் குப்பிகளை அடுக்கி, நீராவிக் கொப்பரையின் மூடியைத் திருகி இறுக்கினார். அழுத்தமானியின் முள் ஏறியது. விதிப்படி இருபது நிமிஷம், ஒரு நிமிஷம் குறையாமல் நின்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து, 'அழித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரையும், 'காரணம்' என்ற இடத்தில் 'அசுத்தம்' என்றும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.