சிரிக்காமல் ஒரு சண்டை

காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒரு ஸ்கூட்டர் அக்காவின் கால் விரல்மேல் ஏறி இறங்கிய அந்த நிமிஷத்தில்தான் எனக்கு யோசனை வந்தது.

“ஏன்ரீ, கண் காண்ஸல்வா? காய்கறிச் சந்துல வண்டி ஓட்டினு வர்றியே, இன்னா, உங்க அப்பன் வூட்டு ஹாலா இது?”

‘கண் தெரியலையா’ என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிந்த அக்காவின் வசவில் ஸ்கூட்டர்காரர் என்ஜினையே அணைத்துவிட்டார். என் கையிலிருந்த கொத்தமல்லி நழுவியது. அக்கா எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். தேசிய அழகிப் போட்டியில் கிரீடம் வென்றவர். குடிவந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தண்ணீர் வராவிட்டால்கூடச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொல்வார்.

“அக்கா, இதை அப்படியே ஆடிஷன்ல செய்யுங்க!” என்று கத்தினேன்.

“மொதல்ல ஐஸ் வாங்கினு வா பாப்பா. விரலு போச்சு.”

கிரீடம் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் இன்னொரு பெண்ணின் தலையில் தன் கையாலேயே அதைச் சூட்டிவிட்டு, மை கலையாமல் கொஞ்சம் அழவும் வேண்டும். அக்கா அதையும் சரியாகச் செய்தார். பிறகு புடவைக் கடைத் திறப்புகள், ஒரு சோப்பு விளம்பரம், நாயகனின் கனவில் மட்டும் வந்துபோகும் வேடத்தில் இரண்டு கன்னடப் படங்கள். அப்புறம் ஃபோன் அடிப்பது குறைந்துவிட்டது. இப்போது மும்பையில் ஒரு பயிற்சி நிலையம் கூப்பிட்டிருக்கிறது. போட்டிக்கு வரும் பெண்களுக்கு நடக்கவும் சிரிக்கவும் சொல்லித்தரும் வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“போய்ட்டா லைஃப் பூரா சிரிப்புதான் பாப்பா” என்றார், ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து. அப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அவர் ஆசைப்பட்டது வேறு. ஆனேக்கல் பக்கத்துக் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் நடக்கும் ஒரு தமிழ்ப் படம். அதில் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசும் தையல்காரப் பெண் வேடம். அதற்குத்தான் அந்த ஆடிஷன். அக்காவின் அம்மா அதே வேலை செய்து ஓய்ந்தவர். இன்றும் ஜீவனஹள்ளியில்தான் இருக்கிறார். அக்கா வளர்ந்ததும் அங்கேதான். போட்டிக்குத் தயார் செய்தவர்கள்தான், அந்த ஏழைப் பேட்டையின் பெயரை விட்டுப் பக்கத்திலிருக்கும் ‘காக்ஸ் டவுன் என்று சொல்’ என்றார்கள். கூடவே ‘வூடு’, ‘இன்னா’ எல்லாவற்றையும் நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவினார்கள். கழுவியது முழுதாகப் போகவில்லை என்பதை அந்த ஸ்கூட்டர்காரர் நிரூபித்துவிட்டார்.

நான் அன்றே அவருக்குச் சம்பளமில்லாத மேனேஜர் ஆகிவிட்டேன். விளம்பரக் கம்பெனியில் லீவு போட்டேன். இரண்டு பேரும் ஆனேக்கலுக்குப் பஸ் ஏறினோம். ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு டீக்கடையில் நின்றோம். யாரும் போட்டி மேடையில் போல ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகாலை வைத்து நடக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள்.

“நானும் ஒரு காலத்துல இப்டித்தான் நடந்தேன்” என்றார் அக்கா.

ஆடிஷன் அறையில் டைரக்டர், கேமராக்காரர், குறிப்பெடுக்கும் ஒரு பெண் என்று மூன்று பேர். கதவோரம் நான். சூப்பர்வைசரின் வசனத்தை டைரக்டரே படித்தார்: “ஏம்மா, பாத்ரூம் போய்ட்டு வர இவ்ளோ நேரமா?”

“நேரமா? அந்த கியூல ஒரு நாளு நீ நின்னு பாரு. இத்தினி பொம்பளைங்களுக்கு ஒரே கதவு. அதுக்கும் தாப்பா கெடையாது.”

கேமராக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது, எல்லாம் கெட்டுப்போக. அழகிப் போட்டியில் முதல் பாடமே, எந்த நடுவரையும் பார்க்காமல் விடாதே என்பதுதான். அக்காவின் பார்வை டைரக்டரை விட்டுக் கேமராக்காரருக்குப் போனது. அங்கே கொஞ்சம் தங்கிக் குறிப்பெடுக்கும் பெண்ணுக்கு வந்தது. மீதி வசனத்தை மூவருக்கும் சமமாகப் பங்கு வைத்தார். வலது முழங்கால் தானாக மடிந்து முன்னால் வந்தது. “என் மானத்துக்கு நீ என்ன பதில் சொல்லுவ?” என்ற கடைசி வரியில் பல்வரிசை முழுசும் தெரிந்தது.

டைரக்டர் கேலி செய்யவில்லை. “மேடம், சூப்பர்வைசர் ஒருத்தன்தான். மொத ரெண்டு வரி சத்தியமா நெஜம். அதுக்கப்புறம் நீங்க மேடைக்குப் போய்ட்டீங்க. வர்ற வாரம் இன்னொரு தடவை வாங்க.”

ஆட்டோவில் அக்கா, “கிரீடத்த திருப்பி வாங்கிக்கினாங்க. இந்தச் சிரிப்ப மட்டும் எவனும் கேக்கலையே பாப்பா” என்றார். நேராக ஜீவனஹள்ளிக்கு விடச் சொன்னார்.

நடந்ததைக் கேட்ட அம்மா, பூண்டு உரித்துக்கொண்டே மகளை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா பழக்கதோஷத்தில் சிரித்தார்.

“என்னாண்ட காட்டாத அத. அது கடை தெறக்கிற பல்லு.”

சட்டென்று அக்காவின் வாய் மூடிக்கொண்டது. எனக்கு இரண்டாவது யோசனை வந்தது.

நாளைக்கு இங்கேயே ஒத்திகை. அதில் அம்மாதான் சூப்பர்வைசர். “நான் வாங்கின திட்டு எல்லாம் அப்டியே கீது, ஒண்ணுவிடாம திருப்பித் தர்றேன்” என்று அவர் ஒப்புக்கொண்டார். நானும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் மற்ற இரண்டு நடுவர்கள். நாற்காலியை இழுப்போம், இருமுவோம், ‘ஆஹா’ என்போம், கை தட்டுவோம். அக்கா எங்கள் பக்கம் திரும்பவே கூடாது.