கல்யாண வீடியோவிலிருந்து பெரியம்மாவை எடுத்தது

என் தங்கச்சி கல்யாண வீடியோவைச் சத்தத்தோடு கேட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அதையும் முழுசாகக் கேட்கவில்லை.

ஆந்திரா எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் ‘டீ குடிக்கிறாயா’ என்று கேட்கக்கூடக் கத்த வேண்டும். கத்திக் கத்திப் பழகி, தறி நின்ற பிறகும் தொண்டை இறங்காது. எங்கள் சனம் ரகசியம் பேசினால் தெருக்கோடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அதிலும் என் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு காதோடு ஒரு விஷயம் சொன்னாள் என்றால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் ஆகிவிடும். நல்ல மனசுக்காரி. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா.

வீடியோ விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்போதெல்லாம் கல்யாண வீடியோவில் யார் குரலும் இருக்காது. வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். தாலி கட்டும்போது ஒன்று, அட்சதை போடும்போது ஒன்று, பந்தியில் வடை பரிமாறும்போதும் ஒரு காதல் பாட்டு. அதனால் காமிராவைக் கண்டால் எல்லாரும் புடவையைச் சரிசெய்துகொள்வார்கள், முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். வாயைப் பற்றி ஒருத்தரும் கவலைப்பட மாட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு மைக் இருக்கிறது, அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றியதே இல்லை.

மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அந்த வருஷங்களில் திருப்பதி, சித்தூர் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் விசா பேச்சுதான். தாலி கட்டிய கையோடு அவர் திரும்பிப் போய்விட்டார். தங்கச்சிக்கு விசா வந்ததும், அவளையும் தன் அம்மாவையும் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. சம்பந்தியம்மா திருப்பதியில் தனியாக இருந்தார், வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். எங்களோடு தெலுங்கில்தான் பேசுவார், அதுவும் அளந்து அளந்து. ஆனால் தமிழ் நன்றாகத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். அவரும் எங்களுக்குப் பக்கத்து நாராயணவனத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்தானே.

ஒருநாள் மாப்பிள்ளை எனக்கு போன் செய்தார். வீடியோவில் பாட்டு வேண்டாம், ஹார்ட்டின் படம் வேண்டாம், ரோஜாப்பூ பறந்து வர வேண்டாம், மண்டபத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றார். பெரிய டிவி வாங்கியிருக்கிறாராம். படம் துல்லியமாக இருக்க வேண்டும், கொஞ்சம் மங்கினாலும் அதில் தெரிந்துவிடும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அப்போது திருப்பதியில் டி.டி.பி. கடை வைத்து, கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடித்துக்கொண்டிருந்தேன். வீடியோக்காரரிடம் சொன்னதற்கு, அவருக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷமாக இரண்டு டிஸ்கில் அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்றில் முகூர்த்தம். இன்னொன்றில் பந்தியும் ரிசப்ஷனும்.

கடையில் உட்கார்ந்து முகூர்த்த டிஸ்கைப் போட்டேன். நாதஸ்வரம் வந்தது, தவில் வந்தது, அவற்றுக்கு மேலே பெரியம்மா வந்தாள்.

அவள் படத்தில் எங்கேயும் இல்லை. மண்டபத்தில் ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன் ஒழுங்காக ஓடியது. அது காமிராவுக்குப் பக்கத்தில் இருந்தது. நாற்காலியை இழுத்து அங்கே போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவள் வர்ணனை செய்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு முன்மண்டை தெரிகிறதாம். சம்பந்தியம்மா போட்டிருப்பது கவரிங்காம். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அந்த அம்மா வாயைத் திறக்கவே மாட்டாராம். ஒவ்வொரு வசனத்துக்கும் படம் லேசாகக் குலுங்கியது. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. வீடியோக்காரர் சிரித்திருக்கிறார்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். தாலி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மா காலில் விழுகிற இடம் வந்தது. பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் தெள்ளத் தெளிவாக விழுந்திருந்தது:

“இந்தம்மா அங்க போயி எத்தினி நாளு இருக்கும்னு நெனைக்கிற? எங்க பொண்ணு கில்லாடி. ஒரே மாசத்துல கெழவிய ஃபிளைட்டு ஏத்தி அனுப்பிட்றேன் பெரிம்மான்னு அது வாயாலயே என்கிட்ட சொல்லிகினு இருந்திச்சி.”

தங்கச்சி அப்படிச் சொல்லவே இல்லை. கோயில் மணி மேல் சத்தியமாகச் சொல்லவில்லை. தறியில் இழை அறுந்தால்கூடப் பாவம் என்கிற பெண் அது. பெரியம்மா, தன் வீட்டுப் பெண்ணின் சாமர்த்தியத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொள்ள, அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

முன்பின் தெரியாத தேசம், வீட்டில் இருக்கப்போவதே மூன்று பேர். ஒரே சோபாவில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து, பெரிய டிவியில், மருமகள் காலில் விழுகிற அதே நேரத்தில் இதைக் கேட்கப் போகிறார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் காபி கலந்து கொடுத்தாலும் அந்த அம்மாவுக்கு விஷமாகத்தானே தெரியும்? அடுத்த பஸ் பிடித்து வந்து அழ அமெரிக்கா என்ன பக்கத்திலிருக்கிற புத்தூரா?

கோபத்தோடு நகரிக்குப் போய்ப் பெரியம்மாவைப் பிடித்தேன். என்ன பேசினாள் என்று அவளுக்கே திருப்பிச் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் முகம் வெளிறிப்போயிற்று.

“பாட்டு போடுவாங்கன்னு தானேடா பேசுனேன்,” என்றாள். “பாட்டு போடாத கல்யாண வீடியோ எங்கனா பாத்துகிறியா நீ?”

அவள் சொன்னது நியாயம்தான். தங்கச்சியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்தப் பெண் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று அழ ஆரம்பித்தாள். எங்கள் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து என்னைத்தான் திட்டினார். என்ன நியாயமோ.

சரி, சத்தத்தை எடுத்துவிட வேண்டியதுதான். அவள் பேசுகிற இடங்களை மட்டும் வெட்டலாம் என்று பார்த்தால், அவள் மூச்சு விடுகிற இடத்தைத் தவிர வேறு இடைவெளியே கிடையாது. மொத்தமாக எடுத்தால் நாதஸ்வரமும் போகும், ஐயர் மந்திரமும் போகும். போகட்டும்.

கடைக் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட் செய்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. சத்தத்தை மியூட் செய்துவிட்டுப் புது ஃபைலாக எழுதச் சொன்னேன். மணிக்கணக்கில் ஓடியது. முடிந்ததும் போட்டுப் பார்த்தால், சத்தம் போய்விட்டது. கூடவே படமும் போய்விட்டது. கூறைப்புடவை ஜரிகை கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. தங்கச்சி திரும்பினால் அவள் மூக்குத்தி ஒரு கணம் கழித்துத் திரும்பியது. மாப்பிள்ளை இதைப் பார்த்தால் என்ன செய்வார்? ஒரிஜினல் கேசட்டையே அனுப்புங்கள், நானே இங்கே போட்டுக்கொள்கிறேன் என்பார். கேசட் போனால் பெரியம்மாவும் கூடவே போவாள். ஆகப் படத்தில் ஒரு சின்னக் குறைகூட வரக் கூடாது. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கடையில் பத்திரிகை அடிக்க வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் இடம் மாற்றிப் போட்டு ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்டர்நெட்டில் தேடியபோது, எங்கேயோ யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ எழுதியிருந்த பதில் கண்ணில் பட்டது. ஒரு வீடியோ ஃபைலுக்குள் படமும் சத்தமும் குழைத்து வைத்த சாம்பார் சாதம் மாதிரி இல்லையாம். ஒரே டிபன் கேரியரில் சோறு ஒரு அடுக்கு, குழம்பு ஒரு அடுக்கு என்பது மாதிரி தனித்தனியாகத்தான் இருக்கின்றனவாம். நான் செய்த தப்பு, குழம்பு வேண்டாம் என்பதற்காகச் சோற்றையும் திரும்ப வடித்தது. படத்தை எதுவும் செய்யாமல் அப்படியே நகல் எடு, சத்தத்தைச் சேர்க்காதே என்று சொன்னால் போதுமாம். அதற்கு ஒரு இலவச மென்பொருளும் இருந்தது.

அதை இறக்கி, படத்துக்கு நேராக ‘நகல் மட்டும்’ என்றும், சத்தத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்றும் கொடுத்துவிட்டு எழுந்தேன். எப்படியும் நேரம் ஆகும், ஒரு டீ குடிக்கலாம் என்று செருப்பை மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஃபைலைப் பார்த்தால் அளவு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பெரியம்மா எடை மட்டும்.

ஓட விட்டேன். ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. அட்சதை அரிசி ஒவ்வொன்றாக விழுந்தது. பழைய ஃபைலில் ஒரு காட்சியை நிறுத்தி, புதியதிலும் அதே காட்சியை நிறுத்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. காலில் விழுகிற இடம் வந்தது. தங்கச்சி குனிந்தாள், சம்பந்தியம்மா கையை உயர்த்தினார், படம் லேசாகக் குலுங்கியது, அவ்வளவுதான். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. டீக்கடைக்குப் போய் இரண்டு டீயை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தேன்.

இரண்டாவது டிஸ்கை நான் போட்டுக் கேட்கவே இல்லை. பந்தியில் பெரியம்மா என்ன பேசினாளோ, அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதிலிருந்தும் சத்தத்தை எடுத்துவிட்டேன். இரண்டையும் புது டிஸ்கில் எழுதி, அவர்கள் விமானம் ஏறுகிற அன்றைக்குச் சம்பந்தியம்மா கையில் கொடுத்தேன். சத்தம் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அப்புறம் ஏன் எதற்கு என்று கேட்பார். மாப்பிள்ளைக்கு மட்டும் அதற்கு முன்பே போனில், மண்டபத்து இரைச்சல் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை, எடுத்துவிட்டேன் என்றேன். படம் நன்றாக இருந்தால் சரி என்றார். சம்பந்தியம்மா டிஸ்குகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து, காலையில் கடையைத் திறக்கும்போது போன் வந்தது. சம்பந்தியம்மா. என்னிடம் முதல் தடவையாகத் தமிழில், பெற்ற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

“நைனா, ரெண்டு டிஸ்க்குலயும் சத்தம் இல்லியே. ரெண்டுலயும் நீயா எடுத்துட்ட?”

ஆமாம் என்றேன். ஏதாவது தெரிந்துவிட்டதோ என்று பயம். ரெண்டாவது டிஸ்கில் சத்தத்தை எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டாயா என்றார். சத்தியமாக இல்லை அத்தை, முதல் டிஸ்க் மட்டும்தான் கேட்டேன் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. அது முடியவே இல்லை.

பந்தியில் அவருக்குப் பின்னாலேயே காமிரா நின்றிருக்கிறது. தன் தங்கையிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். பாட்டுப் போட்டுவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். விமானத்துக்கு முந்தின நாள்தான், இதில் பாட்டு இல்லை, பேசினதெல்லாம் அப்படியே இருக்கும் என்று மகன் போனில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அம்மா சந்தோஷப்படட்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்னவர், நான் சத்தத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டார்.

“என்னா பேசுனேன்னு கேக்காத. இந்தப் பொண்ணப் பத்தி பேசக்கூடாத பேச்சு. அப்போ எனக்கு அதுகூட பழக்கம் கெடையாது, வாய்ல வந்துட்ச்சி,” என்றார். “ஃபிளைட்டு ஏறுனதுலேந்து எறங்குற வரைக்கும் அது என் தோள்மேலதான் தூங்கிகினு வந்திச்சி நைனா. மடியில அந்தப் பை. அத வெச்சிகினு நான் கண்ணு மூடல.”

பழைய ஃபைல் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டாவது ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்றால் அது பொய். முதலில் பெரியம்மாவை அழித்தேன். பிறகு அவரை அழித்தேன். கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியையும் காலி செய்து, வீடியோக்காரர் கொடுத்த டிஸ்க் இரண்டையும் ஒடித்துப் போட்டேன். கேசட்டில் அவர் அதற்குள் வேறு கல்யாணம் எடுத்துவிட்டிருந்தார்.

“போயிட்ச்சி அத்தை,” என்றேன்.

“போயிட்ச்சா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா அழுதார். அப்போது பின்னாலிருந்து என் தங்கச்சி, யாரு அத்தை, ஏன் அழுவுறீங்க என்று பதறிக்கொண்டு ஓடி வருவது கேட்டது.