கீழ்த்துண்டுக்காரர் ஸ்தோயில்

எங்கள் ரொடோப்பி மலைச் சரிவில் மண்வெட்டியை ஓங்கிப் போடுகிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு சாண் போனால் போதும், ‘டங்’கென்று பாறை. அந்த ஒரு சாணையும் மண் என்று சொல்ல வாய் வராது. உதிர்ந்த கல்லின் மணல், அதோடு கொஞ்சம் மக்கிய பைன் ஊசி, அவ்வளவுதான். ஊற்றிய தண்ணீர் தங்காது. மழை வலுத்தால், ஓடுகிற தண்ணீர் மணலையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

போகிற மணல் ஸ்தோயிலின் வயலுக்குத்தான் போகும். சரிவின் உச்சியில் காடு, காட்டுக்கு அடியில் சஃபிராவின் நிலத்துண்டு, அதற்கும் கீழே கல்வரப்பைத் தாண்டினால் ஸ்தோயிலுடையது. ஒரு துரும்பைக்கூட அசைக்காமல், ஊரிலேயே முழங்கால் ஆழத்துக்கு மண் உள்ள மனிதராகிவிட்டார் அவர். அவர் வயலில் உருளைக்கிழங்கு குழந்தையின் தலையளவுக்கு விளையும். ஊருக்கு வயிறு எரியாமல் இருக்குமா? “அவனுக்கென்னப்பா, உட்கார்ந்த இடத்துக்கு மண்ணு வருது” என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், சோம்பேறி, நல்ல மனுஷர். இந்த நாலும் ஊரறிந்த விஷயம்.

இறங்கிய மண்ணுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் வரும் கியோர்கி திருநாள் வரைக்கும் மேல்துண்டுக்காரர் கீழே வந்து தன் மண்ணை அள்ளிக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு கீழே இருப்பவர் அதில் விதைத்துவிட்டால் அது அவருடையது. யாரும் பேசக்கூடாது.

புருஷன் செத்துப்போனதிலிருந்து சஃபிரா ஒவ்வொரு வசந்தத்திலும் முதுகுக் கூடையோடு கீழே வந்துவிடுவாள். ஸ்தோயில் வரப்பின் மேல் உட்கார்ந்து புகைத்துக்கொண்டே மேற்பார்வை பார்ப்பார்.

“ஏம்மா, அந்தக் கல்லு என்னோடது. வச்சுட்டுப் போ.”

“உன் கல்ல நீயே வேகவச்சுத் தின்னுய்யா. எடுத்துட்டுப் போறது என் மண்ணு.”

“உன் மண்ணுன்னு அதுல பேரா எழுதியிருக்கு?”

“உன் சோம்பேறித்தனம்தான் எழுதியிருக்கு. தள்ளி உட்காரு, கூடை இடிக்குது.”

இப்படியே பல நாள் நடக்கும். ஒரு கூடையைத் தூக்கிவிடக்கூடாதா இந்த மனுஷன் என்று பெண்கள் கரித்துக்கொட்டுவார்கள். தூக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுமே! அந்த நாட்களில் மட்டும் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்ததை ஊரே கவனித்தது. சஃபிரா கவனித்தாளோ என்னவோ.

போன குளிர்காலத்தில் அடித்த காற்றில் காட்டின் ஓரத்துப் பைன்கள் சாய்ந்தன. எங்கள் மலையில் மரம் முறியாது, அப்படியே பெயரும். ஆழமாக இறங்க இடமில்லாமல் வேரெல்லாம் பாறையின் மேல் தட்டையாகப் படர்ந்திருக்கும். மரம் விழும்போது, ரொட்டிக்கல்லிலிருந்து ரொட்டி எழும்புகிற மாதிரி மண்ணோடு எழும்பிவிடும். அந்த ஓட்டை வழியாகப் பனி உருகிய தண்ணீர் பாய்ந்து, சஃபிராவின் துண்டை வழித்து எடுத்துவிட்டது. மேலே வெறும் பாறை பளபளத்தது. மண் முழுக்க ஸ்தோயிலின் வயலில் கிடந்தது.

சஃபிரா கூடை இல்லாமல், கம்பு ஊன்றிக்கொண்டு கீழே வந்தாள்.

“இந்தத் தடவ நான் அள்ள வரலய்யா. முட்டி போச்சு. பிளோவ்தீவு டவுனுக்குப் போறேன், அங்க இருக்கிற என் மக எலித்சா ஆஸ்பத்திரியில காட்டணுங்கிறா. திருநாள் முடிஞ்சு வந்து வீட்டப் பூட்டிட்டு, அப்புறம் அவகூடவே இருந்துருவேன். நீ விதைச்சுக்கோ.”

போகாதே என்ற வார்த்தை ஸ்தோயிலின் தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து விழுந்ததோ வேறு.

“இதுல கல்லு ஜாஸ்தியா இருக்கு.”

சஃபிரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நாக்கை அறுத்து நாய்க்குப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

அவளை ஏற்றிக்கொண்டு பஸ் போன மறுநாள் காலையில் ஸ்தோயில் கூடையை மாட்டிக்கொண்டார். மேலே மண் இருந்தால் அவள் விதைப்பாள், விதைத்தவள் விட்டுவிட்டுப் போகமாட்டாள். அவர் போட்ட கணக்கு இவ்வளவுதான். வாழ்நாளில் கீழே இறங்குகிற மண்ணையே பார்த்த மனிதர், அதை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே போனார். மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து போனார்.

கடைக்காரன் பெங்கோவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“என்னண்ணே, ஊரான் மண்ணைத் தின்னது செரிக்கலியா?”

“போடா, போய் உன் தராசைச் சரிபண்ணு.”

“சட்டை கசங்குதுண்ணே!”

ஸ்தோயில் கூடையை இழுத்து மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். எல்லாரும் விதைத்து முடித்தார்கள், அவருடைய வயல் மட்டும் சும்மா கிடந்தது. திருநாளுக்கு முன்னால் மேல்துண்டின் பாறையை மண் மூடிவிட்டது. மண்ணை மட்டம் தட்டி, கையால் தடவிக்கூடக் கொடுத்தார்.

திருநாளன்று மழை பெய்தது. அன்றைக்குப் பெய்தால் வருஷம் செழிக்கும் என்று ஆட்டுக்கறியும் ரக்கியாச் சாராயமுமாக ஊர் கொண்டாடியது. ஸ்தோயில் சன்னலோரத்தில் நின்று, தான் சுமந்ததெல்லாம் பழுப்புத் தண்ணீராக வரப்பைத் தாண்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறியைத் தொடவில்லை.

சஃபிரா வந்ததும் பெங்கோ ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கு வந்தாள். மேலே பாறையைப் பார்த்தாள். வரப்பில் குந்தியிருந்த ஸ்தோயிலைப் பார்த்தாள்.

“பைன் கிளைய குறுக்க போட்டு, கல்ல வச்சு அழுத்தி, அதுக்கு மேலதான்யா மண்ணக் கொட்டணும். வெறும் பாறையில கொட்டுனா நிக்குமா? இத்தன வருஷம் என் எதிரதான உட்கார்ந்திருந்த. என்னத்தப் பார்த்த?”

“உன்னத்தான் பார்த்தேன்.”

சொன்னபிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே அவருக்குத் தெரிந்தது. காது சிவந்துவிட்டது. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று மீதியையும் கொட்டிவிட்டார்.

“போகாத சஃபிரா. இந்த வயல்ல பாதி உன் மண்ணு. அதைத்தான் நான் இவ்வளவு காலம் தின்னுட்டு இருந்தேன். இங்கயே விதை. மேல பாறையாவே கிடக்கட்டும், காடு எறங்கி வந்து எடுத்துக்கட்டும்.”

சஃபிரா வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் உழுத இடம். அவள் முதுகு தேய்ந்த இடம். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“எவ்வளவு காலம்யா தூக்கித் தூக்கி மேல கொண்டு போனேன்! நான் ஏத்த ஏத்த, அது இங்கதான் வருவேன்னு அடம்பிடிச்சுது.”

“மண்ணுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு” என்றார் ஸ்தோயில்.

அவள் கம்பை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, விதைக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.