வலது பக்கம் பாடாத ஹெட்போன்

என் மனைவிக்கு சர்க்கரை இருப்பது தெரிய வந்தபோது, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அவள் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்றதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. எறணாகுளத்துக்கு அக்கரையில், ஜூ டவுனில் ஒரு கிடங்கில் சுக்கும் மிளகும் தரம் பிரிப்பது அவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நான் கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியுமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவேன்.

"ஒரு காரியமும் இல்லாம ரோட்டுல எப்படிங்க நடக்கறது? எங்க போறேன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?"

"நடக்கப் போறேன்னு சொல்லு."

"சிரிப்பாங்க. பாட்டாவது கேட்டுட்டே போனா போகலாம்."

அது சாக்கு இல்லை. அவளுக்குப் பாட்டு என்றால் அப்படி ஒரு பைத்தியம். அடுப்பங்கரையில் ரேடியோ பாடாவிட்டால் குழம்பில் உப்பு சரியாக விழாது என்பாள். புதிய எஃப்.எம். ஸ்டேஷன்கள் வந்து மலையாளத்துக்கு நடுவே தமிழ்ப் பாட்டும் போட ஆரம்பித்திருந்த காலம் அது.

முதலில் ஒரு கையடக்க ரேடியோவும் அதற்கு ஒரு இயர்போனும் வாங்கினேன். சேலையில் பாக்கெட் கிடையாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையை வீசினால் வயர் தாலிச் சங்கிலியில் மாட்டி, காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் அதை அலமாரியில் வைத்துவிட்டாள்.

வயர் இல்லாததுதான் வேண்டும் என்று முடிவு செய்து படகேறி எறணாகுளம் போனேன். கண்ணாடிப் பெட்டிகளில் சாமான் நிறைந்த ஒரு சின்னக் கடை. என்னைவிட இளையவரான கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று ப்ளூடூத். அதற்கு அந்த வசதியுள்ள போன் வேண்டும். எங்களிடம் இருந்தது பேச மட்டுமே உதவும் போன். இன்னொன்று டி.வி.யோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்துக் கேட்பது. வீட்டுக்கு வெளியே பத்தடி போனால் இரைச்சல்தான். மூன்றாவதில் ரேடியோவே ஹெட்போனுக்குள் இருந்தது. வலது காதுப் பக்கம் ஸ்டேஷன் மாற்றும் சின்னச் சக்கரம், இடது பக்கம் இரண்டு பென்சில் பேட்டரி.

அதைத் தலையில் மாட்டிக் குனிந்தேன், நிமிர்ந்தேன். கடைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். எனக்கு வேண்டியதெல்லாம் மூன்று விஷயம். நடக்கும்போது நழுவக் கூடாது. கனத்துக் கழுத்து வலிக்கக் கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்க வேண்டும். காதை முழுக்க மூடாத, பஞ்சு வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். விலையும் எங்களுக்கு எட்டியது.

அவள் நடந்தாள். கிடங்கிலிருந்து வந்து முகம் கழுவி, சாயா குடித்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டு பஜார் ரோடு வழியாகக் கல்வத்தி வரை போய் வருவாள். வேர்வையில் பஞ்சு நனைந்தால் துவைத்துக் கொடியில் காயப்போடுவாள். இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய பொருள்களில் உருப்படியானது இதுதான் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஒரு நாள் காலை எழுந்ததும் தலை கனக்கிறது என்றாள். ஜலதோஷம் பிடிக்கும்போது காது அடைக்குமே, அப்படி இருக்கிறதாம். மழைக்காலம். ஆவி பிடித்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் நடந்துவிட்டு வந்து ஹெட்போனை என் மடியில் வைத்தாள்.

"வலது பக்கம் பாடமாட்டேங்குது."

மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பாடியது.

"பாடுதே."

"எனக்குப் பாடல. உள்ள ஏதோ வயர் விட்டிருக்கும்."

புது பேட்டரி போட்டேன். பஞ்சை எடுத்துத் துடைத்தேன். மறுநாளும் அதையே சொன்னாள். அசையும்போது விட்டுப்போகிறதோ என்று நானே அதை மாட்டிக்கொண்டு படித்துறை வரை நடந்து வந்தேன். பாட்டு நிற்கவில்லை. ஆனாலும் மலிவுச் சாமான், ஒருவருக்குப் பாடும் ஒருவருக்குப் பாடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது.

லீவு கிடைத்த நாளில் போய் மாற்றினேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் அதே மாதிரி வேறொன்று கொடுத்தார். அதிலும் வலது பக்கம் பாடவில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு நடக்க மடி, சோம்பல். அதுக்கு இது ஒரு சாக்கு."

அன்று ஹெட்போன் இல்லாமலே நடக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு சைக்கிள்காரன் உரசிவிட்டுப் போனதாகச் சொல்லி முழங்கையில் மஞ்சள் வைத்துக்கொண்டாள். "மணி அடிச்சானாம். எனக்குக் கேக்கவே இல்ல" என்றாள். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த லீவில் மறுபடியும் படகு. இந்தத் தடவை கழுத்துக்குப் பின்னால் வளைந்து போகும் கொஞ்சம் விலை கூடிய ஒன்று. அதுவும் பாடவில்லை. மூன்றாம் முறை போனபோது கடையில் கூட்டம் இருந்தது. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். ஏழைகள் என்றால் எதையும் தலையில் கட்டிவிடலாமா என்று கேட்டேன். கடைக்காரர் அதை வாங்கித் தன் தலையில் மாட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற ஒருவருக்கு மாட்டினார். அந்த ஆள் இரண்டு பக்கமும் கேட்கிறது என்று தலையாட்டினார்.

"சேட்டா, செட்டுக்கு ஒரு கொழப்பவும் இல்ல," என்றார் கடைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேச்சியெ ஒந்நு காது டாக்டரெ காணிக்கணும்" என்றார். அவளைக் காது டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்.

என் பெண்டாட்டியைச் செவிடு என்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. ஹெட்போனைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினேன். படகில் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான், அவர் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் விளக்காமல் ஹெட்போனை அவளுக்குத் திருப்பி மாட்டிவிட்டேன். வலது காதுக்கானது இடது காதில், இடது காதுக்கானது வலது காதில்.

"இப்போ எது பாடுது?"

"இடது." சற்று யோசித்தாள். சக்கரம் இருந்த பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இதுதானே பாடாம இருந்தது?"

அவள் இடது காதை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது காதருகே விரல்களை உரசினேன். சொடக்குப் போட்டேன். பிறகு வாயை வைத்துக் கூப்பிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் சொன்னீங்களா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஒரு பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காதுக்கு அது அசைந்துகொண்டே இருந்தது. வலது காதுக்கு மாறியபோது அசையவில்லை. உள்ளே இருந்த பெண் ஏதோ திருகித் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். அந்த விரல் கொஞ்சம் அசைந்துவிடாதா என்று நான் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"ஒரு வாரம் இருக்கும்" என்றேன். எதற்காகப் பொய் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

"பதினேழு நாள் சார்" என்றாள் அவள்.

காது நரம்பு சில சமயம் இப்படித் திடீரென்று போய்விடும், பெரும்பாலும் காரணம் பிடிபடாது என்றார் அவர். முதல் சில நாளிலேயே வந்திருந்தால் வாய்ப்பு கூடுதல், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசிப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். வெகுநாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

இப்போதும் முயன்று பார்க்கலாம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும். ஏற்றிவிட்டது. ஐந்தாம் நாள் அவள் கண் மங்கி, நாக்கு வறண்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். காதைப் பார்ப்பதா, சர்க்கரையைப் பார்ப்பதா? டாக்டர் மாத்திரையைக் குறைத்து, பிறகு நிறுத்தினார். காது திரும்பவில்லை. காதில் வைக்கும் மெஷினைப் பற்றிக் கேட்டேன். இவ்வளவு போன காதுக்கு அதனால் பலன் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

வந்து சேர்ந்தது ஒரு இரைச்சல் மட்டும். குக்கர் விசில் அடிக்கப் போகும்போது வருமே, அந்தச் சீறல் எப்போதும் வலது காதுக்குள் இருக்கிறது என்றாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் ஒரு முழுச் சுற்று சுற்றுவாள். கிடங்கில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்ததாகச் சொன்னாள். அவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

ஒருநாள் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"நானும் செட்டுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீங்க மட்டுமா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சர்க்கரைக்கு நடக்காமல் முடியாது. ஆனால் இருக்கிற ஒரு காதையும் பாட்டுக்குக் கொடுத்துவிட்டு ரோட்டில் இறங்க அவளுக்குப் பயம். அதனால் சாயங்காலங்களில் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். வலது ஓரமாக, வண்டிகளுக்கு எதிரே நடக்க அவள் ஒப்பவில்லை. ரோட்டின் இடது ஓரமாக நடந்தால் வண்டிகளெல்லாம் அவள் கேட்காத பக்கத்தில்தான் வரும். நான் அந்தப் பக்கம் நடந்தால் வண்டிக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கலாம். ஆனால் நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. இந்தப் பக்கம் வந்தால் பேசலாம். லாரி அவளை உரசிக்கொண்டு போகும். பல நாள் மாற்றி மாற்றி நடந்து பார்த்தோம். கடைசியில் நான் வலது பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கல்வத்தி வரை போய்த் திரும்பும் முக்கால் மணி நேரமும் இருவரும் பேசுவதில்லை. லாரி வரும்போது மட்டும் அவள் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்துவேன்.