சனிக்கிழமைப் புள்ளி

சனிக்கிழமை காலையில் பல் துலக்குவதற்கு முன்பே என் கணவர் அமெரிக்கப் பங்குச்சந்தையைப் பார்ப்பார். எங்களிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. நியூயார்க்கில் கடைசியாகச் சந்தை திறந்தபோது வந்த முதல் எண்ணையும் அன்றைய தேதியையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டால் இரண்டு தசம எண்கள் வரும். உலகத்தை அட்சரேகை, தீர்க்கரேகைப்படி கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் இருக்கும் கட்டத்தின் எண்களுக்குப் பின்னால் அந்தத் தசமங்களை ஒட்டினால் ஒரு புள்ளி கிடைக்கும். அன்றைக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். இதற்கு ஜியோஹாஷிங் என்று பெயர்.

நின்றால் என்ன கிடைக்கும் என்று முதல் தடவையே கேட்டேன். ஒன்றும் கிடைக்காது என்று பெருமையாகச் சொன்னார். கையில் ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய இளித்து, ஒரு படம் எடுத்து இணையத்தில் போடலாம். அந்த இளிப்பு கட்டாயமான சடங்கு. சும்மா நின்று எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. படம் எடுக்கும் வேலை எனக்கு.

எங்கள் வீடு மவுண்ட் ஆல்பர்ட்டில். நாங்கள் இருக்கும் கட்டத்தில் மேற்கே பெருங்கடல், கிழக்கே வளைகுடா. நடுவில் மிச்சமிருக்கிற கொஞ்சம் நிலத்தில்தான் ஆக்லாந்து நகரம் மொத்தமும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அதனால் பாதி வாரங்களில் புள்ளி கடலுக்குள் போய் விழும். அன்றைக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. "தண்ணி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். எனக்கு அந்த வார்த்தைதான் வார இறுதியின் நல்ல செய்தி.

ஆனால் தண்ணீரில் விழுந்த வாரங்களிலும் பேச்சு நடக்கவில்லை. எந்தப் பேச்சு என்று சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இங்கே வரும்போது மூன்று வருடச் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். அவருக்கு இங்கே கணினி வேலை. மூன்று வருடம் பார்ப்போம், பிடித்தால் இருப்போம், இல்லாவிட்டால் சேர்ந்தே திரும்புவோம் என்பது அவர் என் அப்பாவிடம் சொன்ன வார்த்தை. வருகிற ஜூனில் அந்த மூன்று வருடம் முடிகிறது. பள்ளி திறக்கிற அன்று நான் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை, அடுத்த வாரத்துக்குள் ஒரு முடிவைச் சொல்லுங்கள், நான் அட்டவணை போட வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம்.

வேலை பெரிதா, வீட்டுக்காரர் பெரிதா என்கிற சினிமாச் சண்டை இல்லை இது. உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த ஊர் பிடித்துத்தான் இருந்தது. இருந்துவிடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மாலையே ராஜினாமாவை எழுதி அனுப்பியிருப்பேன். போகலாம் என்று சொல்லியிருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பேன். இரண்டையும் சொல்லாமல் "பேசலாம், பேசலாம்" என்று தள்ளிக்கொண்டே போனார். வாரநாளில் கேட்டால் அலுத்து வந்திருப்பார். சனிக்கிழமை கேட்டால் "வழியில பேசிக்கலாம், கிளம்பு" என்பார்.

அந்த வழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தேழாவது அட்சரேகை ஊரின் தெற்குப் பகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. பாபகூரா அதற்கு அந்தப் பக்கம், அடுத்த கட்டம். எங்கள் கட்டத்தில் தண்ணீர் என்றால் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு பாபகூரா போனோம். ரயிலில் பேசலாம் என்று நினைத்தேன். அவர் இரண்டு சைக்கிளையும் சாயாமல் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். நான் எதிர் இருக்கையில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கி மலையடிவாரம் வரை மிதித்தோம். எதிர்க்காற்றில் வாயைத் திறந்தால் பூச்சிதான் உள்ளே போனது. கடைசியில் புள்ளி ஒரு மாட்டுப் பண்ணைக்குள் இருந்தது. மின்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காளை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்பதும் இவர்கள் விதி. பண்ணை வீட்டில் யாரும் இல்லை. அரைமணி நேரம் வேலியருகில் நின்றுவிட்டுத் திரும்பினோம். வரும்போது அவருக்குத் தோற்றுப்போன துக்கம், பேசுகிற நிலையில் இல்லை.

இன்னொரு தடவை காரில் மேற்குக் கடற்கரைக்குப் போனோம். வரைபடத்தில் மணலில் இருந்த புள்ளி, போய்ச் சேரும்போது அலை ஏறி நீரில் இருந்தது. அலை இறங்கட்டும் என்று அவர் காத்திருந்தார். கறுப்பு மணலில் ஜமுக்காளத்தை விரித்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன். அவர் ஊம் கொட்டினார். கண் முழுக்க அலையின் மேல். நான் கேட்டது கிணற்றில் போட்ட கல். நடுவில் எழுந்து முழங்கால்வரை இறங்கி ஓடினார். ஒரு பெரிய அலை வந்து, கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷம் என்றே சொல்லலாம். பீடை ஒழிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே புதுக் கருவி வந்தது.

அந்தச் சனிக்கிழமை, தலைமையாசிரியை சொன்ன கெடுவுக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை. முதல் நாள் இரவே சொல்லிவிட்டேன், நாளைக்கு எங்கேயும் போகவில்லை, உட்கார்ந்து பேசுகிறோம் என்று. சரி என்றார். காலையில் பார்த்தால் வீட்டில் இணையம் இல்லை. மாதக் கடைசி, வீட்டிலும் போனிலும் எங்கள் டேட்டா அளவு தீர்ந்துவிட்டிருந்தது. அன்றைய புள்ளியைப் பார்க்க வழியில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் பில்டர் காபி போட்டேன், நல்ல மனநிலையில் இருந்தேன். அப்போது அவர் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வெலிங்டனில் இதே பைத்தியம் பிடித்த ஒருவர் இருக்கிறார். தசம எண்கள் எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றுதான் என்பதால், தன் ஊருக்குப் பார்த்ததை இவருக்கும் அனுப்பியிருந்தார். இவர் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

எண்களைப் புதுக் கருவியில் தட்டினார். தட்டியதும் கூவாத குறை. ஊருக்கு நடுவே, பல்கலைக்கழகத்தை ஒட்டிய பூங்காவில் புள்ளி. ரயிலேறினால் போதும். இரண்டு வருடத்தில் நகர மையத்தில் விழுந்ததே இல்லை, இதை விட்டால் மறுபடி கிடைக்காது என்று கெஞ்சினார். வேலி இல்லை, அலை இல்லை, பெஞ்சுகூட இருக்கும், அங்கேயே உட்கார்ந்து பேசலாம் என்றார். பெஞ்சு என்றதும் நான் விழுந்துவிட்டேன்.

நியூமார்க்கெட்டில் ரயில் நின்று, ஓட்டுநர் முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு நடந்து போய், வந்த திசையிலேயே திரும்பக் கிளம்பி, நகர மையத்துக்குப் பிரியும் பாதையில் ஏறியது. நின்றிருந்த ஐந்து நிமிடமும் அவர் கருவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பூங்காவில் ஏறிப்போனால் புல்வெளியில் மாணவர்கள் படுத்துக் கிடந்தார்கள். அவர் கருவியைப் பார்த்தபடி முன்னும் பின்னும் நடந்து, ஒரு மரத்தடியில் நின்றார். தூரம் பூஜ்யம். இளித்தார். படம் எடுத்தேன். பக்கத்திலேயே பெஞ்சு இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக என்னை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் சரியாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கருவியின் திரை தெளிவாகத் தெரிந்தது. முப்பத்தாறு, மேலே ஒரு குட்டி வட்டம், அப்புறம் ஐம்பத்தொன்று, மேலே ஒரு கீற்று. வட்டம் பாகை, கீற்று கலை. எட்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பாகைக்கு அறுபது கலை என்பதைப் பிள்ளைகள் நூறு என்று நினைத்துத் தப்புப் போடுவதை எத்தனை விடைத்தாளில் சுழித்திருக்கிறேன். வெலிங்டன்காரர் அனுப்பியது தசமம். பாகையின் நூற்றில் ஐம்பத்தொரு பங்கு. இவர் அதை ஐம்பத்தொரு கலை என்று தட்டிவிட்டார். பழைய கருவி தசமத்தைக் கேட்கும். புதியது கலையைக் கேட்டிருக்கிறது. வழக்கம்போல இணையத்தில் அன்றைய புள்ளியைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். உண்மையான புள்ளி வடக்கே, கைபாரா பக்கம், காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் அடுத்த நிமிடம் எழுந்துவிடுவார் என்று தெரியும். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, ஜூனைப் பற்றிக் கேட்டேன்.

நன்றாகவே ஆரம்பித்தார். இங்கே வேலை நிலையாக இருக்கிறது என்றார். எனக்கும் ஏதாவது படித்தால் டீச்சர் வேலை கிடைக்கலாம் என்றார். அங்கேயும் நல்லதுதான், அம்மா அப்பா பக்கத்தில் என்றார். ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று. தராசை ஒரு பக்கமும் சாயவிடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன்.

கருவியை மடியில் வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, விளையாட்டு மாதிரி, ஆனால் விளையாட்டாக இல்லாமல் சொன்னார்: "ரெண்டுமே எனக்கு ஓகேதான். வேணும்னா திங்கக்கிழமை சந்தையில வர்ற நம்பர் ஒத்தப்படையா வந்தா இருப்போம், ரெட்டைப்படையா வந்தா போவோம். யார் மேலயும் தப்பு இல்ல பாரு."

அவர் கெட்டவர் இல்லை. என் வேலையை விடச்சொன்ன பழி தனக்கு வரக் கூடாது, தன் வேலையை விட்ட வருத்தமும் வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நான் எங்கே வாழப்போகிறேன் என்பதையும் நியூயார்க்கில் யாரோ மணியடித்துச் சொல்ல வேண்டுமா? கைப்பையிலிருந்து போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி அவர் மூக்கின் முன் நீட்டினேன். இது கலை, வெலிங்டன்காரர் அனுப்பியது தசமம், நீங்கள் புள்ளியிலேயே இல்லை, அது கைபாராவில் இருக்கிறது என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது, மனதுக்குள் கணக்குப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"இப்பக் கிளம்பினா வீட்டுக்குப் போய்க் காரை எடுத்துட்டு வெளிச்சத்துக்குள்ள போயிரலாம். வா, வழியில பேசிக்கலாம்."

"நீங்க போயிட்டு வாங்க. நான் ஜூன்ல போய் ஸ்கூல்ல சேர்ந்துக்கிறேன்."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், "நான் உன்னைப் போன்னு சொல்லலையே" என்றார்.

"இருன்னும் சொல்லலையே."

அதற்கு மேல் நான் கத்தவில்லை, அழவும் இல்லை. தலைமையாசிரியையின் எண்ணை அழுத்தினேன். ஊரில் அப்போது விடிகிற நேரம். அவர் சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பள்ளி திறக்கிற அன்று வந்துவிடுகிறேன், அட்டவணையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். பிளஸ் டூ கணக்கு எனக்கே வைத்திருப்பதாகச் சொன்னார். வெயில் எப்படி, இந்த வருடம் மழை உண்டா என்றெல்லாம் வேண்டுமென்றே கேட்டுப் பேச்சை நீட்டினேன். என் கணவர் எனக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைக்கும்வரை, குறுக்கே ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.