போல்ட்டால் இழுத்த கியர்பெட்டி

அனுப்பர்பாளையத்தில் யாரோ ஒரு லேத்துக்காரன், குண்டாவுக்கு மூடி அளவெடுப்பதுபோல் அளவெடுத்துப் பழைய செவர்லே காருக்குப் பிளேட் கடைந்து கொடுத்தானாம். கல்யாண ஊர்வலத்தில் என்ஜின் இரண்டாகப் பிளந்து நடுரோட்டில் விழுந்ததாம். மஸ்கட்டில் என்னோடு தங்கியிருந்த குன்னத்தூர்க்காரர், தன் தம்பி போனில் சொன்னதாக இதைச் சொன்னார். "தெக்க இருந்து வந்தவனாமா. அவனுக்கென்னுங்க தெரியும்" என்று சிரித்தார்.

அந்தக் காரில் வேலை பார்த்தது என் அக்கா மைதிலியின் வீட்டுக்காரர் ஆத்தப்பன் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து எந்தச் சேதி வந்தாலும் அதில் நம் வீட்டு ஆள் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பேன். தப்பு நம் பக்கம் இல்லை என்று கேட்டதும் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அது 2007. அடுத்த லீவில் திருப்பூர் வந்தபோது, சாப்பாட்டின் நடுவே மச்சானிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"என்ஜின் பொளக்கல மாப்ள" என்றார். எழுந்து கை கழுவப் போனார்.

ஆத்தப்பன் மச்சானுக்குக் குண்டடம் பக்கம் பூர்வீகம். கிணறு வற்றிய பிறகு திருப்பூர் வந்து பனியன் கம்பெனி வேன்களுக்குக் கீழே படுத்துப் படுத்தே தொழில் படித்தவர். எக்ஸ்போர்ட்டில் காசு பார்த்த முதலாளிகள் எஸ்டேட் பங்களாக்களிலிருந்து பழைய கார்களை வாங்கிவர ஆரம்பித்ததும், அதெல்லாம் அவர் பட்டறைக்குத்தான் வந்தது. அதிகம் பேசமாட்டார். ஆனால் தப்பாக வேலை செய்கிறவனைக் கண்டால் அவர் வாய் நிற்காது. "போல்ட்டு பூட்டறதுக்கப்பா, இழுக்கறதுக்கில்ல. கியர் பொட்டி தானா வந்து உக்காரோணும். வரலைன்னா எறக்கிப் பாரு" என்று அடுத்த பட்டறைக்காரர்களையும் போய்த் திட்டுவார். அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார்கள்.

செவர்லே, தண்டாயுதபாணி என்கிற பனியன் கம்பெனி முதலாளியுடையது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், அரைத் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் ஓடும். ஆனால் கியர் தானாக மாறும் வண்டி. அந்தப் பெட்டி செத்துப்போய், அதைத் திறக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். கையால் போடும் ஜீப் கியர்பெட்டி ஒன்றை மாட்டிவிடலாம் என்று மச்சான் ஒப்புக்கொண்டார்.

ஜீப் பெட்டியின் ஓட்டைகள் செவர்லே என்ஜினின் ஓட்டைகளோடு சேராது. இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புப் பிளேட் வேண்டும், மையம் மயிரிழை தப்பாமல். அதைக் கடைந்து கொடுத்தவர் காசிமாயன், தெற்கே உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். நிட்டிங் மிஷின் பாகங்களைக் கடைந்து பிழைக்கிறவர். தண்டாயுதபாணி கம்பெனி வேலையும் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

பிளேட்டோடு அவர் வேலை முடிந்தது. மிச்சம் மெக்கானிக்கின் பாடு. கியர்பெட்டியிலிருந்து நீளும் ஷாப்டின் மூக்கு, என்ஜினின் முதுகில் இருக்கும் சின்னக் குழிக்குள் போய் உட்கார வேண்டும். மூக்கு நீளமா, குழி ஆழமா என்று முன்னாலேயே அளக்க வேண்டும். மச்சான் அளக்கவில்லை. மாட்டும்போது இடித்தால் தெரிந்துவிடும், இறக்கி மூக்கைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

தண்டாயுதபாணிக்கு ஒரு பழக்கம். கம்பெனிக்குப் புது மிஷின் வந்தால் நல்ல நேரத்தில் போல்ட் பூட்டிய பிறகுதான் நூல் ஏற்றுவார். கல்யாண வண்டிக்கு விடுவாரா? பெட்டி ஏற்றுகிற அன்று மனைவி ஞானாம்பாளோடு தேங்காய் பழத்தட்டு சகிதம் பட்டறைக்கு வந்து நின்றார்.

பெட்டி ஏறியது. மூக்கு இடித்து, ஒரு காசு கனத்துக்கு இடைவெளி விட்டு நின்றுவிட்டது.

"ராகு காலம் வந்துருமுங்க ஆத்தப்பா" என்றார் தண்டாயுதபாணி. "உக்காந்துருச்சுன்னா சூடத்தப் பத்த வெச்சறலாம்" என்றார் ஞானாம்பாள்.

மச்சான் ஸ்பேனரை எடுத்தார். சுற்றிலும் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். இடைவெளி மூடியது. சூடம் எரிந்தது.

ஊர்வலத்தில் வண்டியை ஓட்டியதும் அவர்தான். ஊர்ந்து போகிற வண்டியில் காலைக் கிளட்சிலிருந்து எடுக்க முடியாது. ஏற்கெனவே ஷாப்ட் முட்டிக்கொண்டிருந்த கிராங்கை, என்ஜினுக்குள் சுழலும் அந்தத் தண்டை, மிதிக்க மிதிக்கக் கிளட்சும் முன்னால் நெட்டியது. உள்ளே அம்மிக்கல் அரைக்கிற சத்தம். வண்டி நின்றது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடந்தார்.

"என்னாச்சுங்க?" என்று தண்டாயுதபாணி சம்பந்திகள் முன்னால் கேட்டார்.

"பிளேட்டு சென்டர் தப்பியிருக்குமுங்க" என்றார் மச்சான். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

பிறகு என்ஜினைப் பிரித்தபோது ஷாப்டின் மூக்கு நசுங்கிப் பளபளத்தது. பார்த்தார். துடைத்து வைத்தார். அதற்குள் பேச்சு கம்பெனி கம்பெனியாகப் போய்விட்டது. தண்டாயுதபாணி காசிமாயனுக்குக் கொடுத்துவந்த லேத் வேலையை நிறுத்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

காசிமாயன் ஒரு தடவை பட்டறைக்கு வந்தாராம். "பிளேட்டக் குடுங்கண்ணே, டயல் வச்சு சென்டர அளந்து பாத்துருவோம். என் தப்புன்னா நானே ஊரு பூராச் சொல்றேன்."

"பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டானப்பா" என்றார் மச்சான். பிளேட், காசிமாயன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், மேசைக்கடியில் சாக்கு மூடிக் கிடந்தது.

சாப்பாட்டிலிருந்து எழுந்த அன்று, பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போய் அதே பிளேட்டை இழுத்துக் காட்டி, இவ்வளவையும் அவர் சொன்னார். காசிமாயன் லேத்தை விற்க ஆள் பார்க்கிறார் என்பதையும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலேயே வந்து நின்ற அக்காவுக்கும் அப்போதுதான் தெரியும்.

"ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற வாயி, அன்னைக்கு எங்கீங்க போச்சு?" என்றாள்.

மறுநாள் மச்சான் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தண்டாயுதபாணியின் கம்பெனிக்குப் போனார். அவர் திட்டுவார், செய்தியைத் திருத்திச் சொல்லுவார், காசிமாயனுக்கு வேலை திரும்பும் என்று நினைத்திருந்தார். நின்றுகொண்டே சொன்னார். "பிளேட்டு சரியாத்தானுங்க இருந்துச்சு. நாந்தானுங்க போல்ட்டுல இழுத்துட்டன்."

தண்டாயுதபாணி கோபப்படவில்லை. டீ வரச் சொன்னார்.

"உடுங்க ஆத்தப்பா. என்ஜின் போனாப் போகுது."

"காசிமாயன் பேரு கெட்டுப்போச்சுங்களே. நீங்க ஒரு வார்த்தை நாலு பேருகிட்ட..."

"அதெப்படீங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல நேரத்துல பூட்டுன வண்டின்னு சம்பந்தி ஊட்டுல சொல்லியிருக்குது. நம்ம அவசரந்தான் கோளாறுன்னா, மருமக ஊட்டு ஆளுங்க என்ன நெனப்பாங்க? கல்யாணத்துக்கே பழிச்சொல்லு வந்துரும். பிளேட்டுங்கறதுதான் எல்லாருக்கும் நல்லது. அவன் தெக்கத்தி ஆளு, எங்கியாச்சும் பொழச்சுக்குவானுங்க. டீ குடிங்க."

மச்சான் டீயைக் குடித்தார். குடித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நானும் குடித்தேன்.

வெளியே வந்து கேட் ஓரம் நின்றோம். திட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை என்பதுபோல் இருந்தது அவர் முகம். அடுக்கிக் கட்டிய பனியன் துணியோடு ஒரு வேன் எங்களை உரசிக்கொண்டு போனது.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். காசிமாயன் நம்பர் அதில் இருந்தது. போட்டார். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

"லேத்து ஓடிட்டிருந்தா கேக்காது மச்சான்" என்றேன்.

"ஓடிட்டிருக்கோணும்" என்றார்.

மறுபடியும் போட்டார். "எடுத்தா என்னன்னு ஆரம்பிக்கறது?" என்று என்னைக் கேட்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.